லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

"வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" கார் வாங்கப் போகிறவர் எவராயினும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். நிறம் பார்ப்பதும் விலையைக் குறைக்கச் சொல்வதும் அதற்குப் பிறகே. இதில் 'கொடுக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கறவை மாட்டைப் பற்றியும் நாம் இப்படித்தான் கேட்கிறோம்: "வேளைக்கு எத்தனை லிட்டர் கொடுக்கும்?" ஆனால் மாடு வாங்குகிறவர் விற்பவரின் வாய்க்கணக்கை நம்பிப் பணத்தை எண்ணிவிடுவதில்லை. எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள் உண்டு. அவற்றை வாங்கியபோது என் தாயார் முதல் நாள் மாலையே விற்பவர் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த மாலைக் கறவையையும் மறுநாள் காலைக் கறவையையும் தம் கையாலேயே கறந்து, படியில் அளந்து பார்த்த பிறகுதான் விலை பேசினார். மாலையில் கறக்காமல் விட்டுவிட்டுக் காலையில் மடி நிறையக் காட்டும் தந்திரம் அவருக்குத் தெரியும். அளவை மட்டும் கேட்டால் போதாது, எந்த நிலையில் எடுத்த அளவு என்பதையும் கேட்க வேண்டும் என்னும் இந்தப் பாடம், பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத அவருக்குத் தெரிந்திருக்கிறது!

கார் வாங்குகிறவருக்குக் கறந்து பார்க்கும் வசதி இல்லை. அவர் கையில் ஒரு விளம்பரத் தாள் இருக்கிறது. அதில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை நம்பி ஒரு குடும்பமே ஐந்து ஆண்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறது. அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. அது பாதி எண் என்கிறேன். மறு பாதியை அச்சிடாமல் விடுவது நியாயமன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

என் சித்தப்பா பதினெட்டு ஆண்டுகள் பிறருடைய லாரியை ஓட்டியவர். சென்ற ஆண்டு வங்கிக் கடனில் ஒரு சிறிய பெட்ரோல் காரைப் புதிதாக எடுத்துச் சேலத்தில் வாடகைக்கு ஓட்டி வருகிறார். விளம்பரத் தாளில் இருந்த எண், லிட்டருக்கு 24 கிலோமீட்டர். முதல் மூன்று மாதங்களில் அவருக்குக் கிடைத்தது 15. மாதத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி அது. 24 வீதம் கிடைத்தால் 125 லிட்டர் போதும். 15 வீதம் கிடைத்தால் 200 லிட்டர் வேண்டும். வித்தியாசம் 75 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் மாதம் 7,500 ரூபாய். அவருடைய மாதத் தவணை 11,400 ரூபாய். இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஓர் எண்ணில் நேரும் பிழை ஓர் ஏழையின் வீட்டில் என்ன செய்யும் என்பது விளங்கும்.

குறையைச் சொல்லப் பணிமனைக்குப் போனார். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, வண்டியில ஒண்ணும் இல்ல. உங்க கால்தான் கனம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிரவு சித்தப்பா என்னிடம் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "நீ பிசிக்ஸ்தானே படிக்கிற? இது என் காலால வந்ததுதானா, பாத்துச் சொல்லு கண்ணு" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். படித்தவன் என்பதற்காக என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான்.

முதலில் அந்த 24 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கார் சாலையில் ஓடி எடுத்த எண் அன்று அது. புனேயில் 1966-இல் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்களில், காரின் சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஓட்டுகிறார்கள். சோதனைக் கூடத்தின் வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள் இருக்கும். எந்த விநாடியில் எந்த வேகம் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஓட்டம். மொத்தம் 1,180 விநாடி. அதாவது இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஓடும் தூரம் 11 கிலோமீட்டருக்கும் குறைவு. அதிகபட்ச வேகம் மணிக்கு 90. சராசரி 32 அளவில். நகர ஓட்டப் பகுதியில் நின்ற நிலையிலிருந்து 50-ஐ எட்ட ஏறத்தாழ 26 விநாடி எடுத்துக்கொள்வார்கள். ஐந்து ரோட்டுச் சிக்னலில் பச்சை விழுந்த பிறகு 26 விநாடியில் 50-ஐ எட்டிப் பாருங்கள். பின்னால் நிற்கும் பேருந்துக்காரர் உங்கள் பரம்பரையையே விசாரிப்பார். இதையெல்லாம்விடப் பெரிய சலுகை, ஏசியை அணைத்துவிட்டு எடுத்த அளவு அது என்பதுதான். சேலத்துச் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத வாடகைக் காரில் யார் ஏறுவார்?

எல்லாக் கார்களையும் ஒரே தராசில் நிறுக்க இத்தகைய ஏற்பாடு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் காரைவிட அந்தக் கார் மேலா என்று ஒப்பிட அது உதவும். ஆனால் விளம்பரத் தாள் அதை ஒப்பீட்டு எண்ணாகவா காட்டுகிறது? வாக்குறுதியைப் போலக் கொட்டை எழுத்தில் காட்டுகிறது. "சோதனை நிலைமைகளில்" என்னும் சொற்களைக் கடுகளவு எழுத்தில் மூலையில் போடுகிறது.

நிற்க. சித்தப்பாவின் கேள்விக்கு விடை தேடுமுன், 15 என்ற அவர் கணக்காவது சரியா என்று பார்க்க வேண்டியிருந்தது. பலர் ஐந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, எச்சரிக்கை விளக்கு எரியும்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு 'மைலேஜ்' சொல்கிறார்கள். (மைலை விட்டுக் கிலோமீட்டருக்கு வந்து இத்தனை காலம் ஆகியும் இந்தச் சொல் மட்டும் போக மறுக்கிறது.) இது அளவே ஆகாது. பங்கில் குழாய் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் முன்பின்னாக இருக்கலாம். ஐந்து லிட்டரில் அரை லிட்டர் என்றால் பத்து விழுக்காடு பிழை. முப்பது லிட்டரில் அரை லிட்டர் என்றால் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. திருகு அளவியில் சுழிப்பிழை பார்க்கக் கற்ற எவருக்கும் இது தெரிந்த சங்கதிதான். ஆகவே ஒரே பங்கு, ஒரே குழாய், குழாய் தானாக நிற்கும்வரை முழு டேங்க், உடனே ஓடிய தூரத்தைக் குறித்தல், டேங்க் காலியாகப் போகும்போது மீண்டும் அதே பங்கு என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் ஆறு முறை எழுதினோம். 2,590 கிலோமீட்டருக்கு 171 லிட்டர். லிட்டருக்கு 15.1. சித்தப்பாவின் கணக்கு சரியாகவே இருந்தது. காரின் முன்பலகையில் ஒளிரும் எண்ணோ 17-க்கு மேல் காட்டியது. அது பெட்ரோல் தெளிப்பான் திறந்திருந்த நேரத்தைக் கொண்டு கார் தானே போடும் மதிப்பீடு. மாணவனே தன் விடைத்தாளைத் திருத்திக்கொள்வது போல!

நோட்டில் ஒவ்வொரு நாளும் எங்கே ஓடியது என்றும் எழுதியிருந்தோம். அதில்தான் விடை ஒளிந்திருந்தது. பெரும்பாலும் ஊருக்குள்ளேயே ஓடிய டேங்கில் 13.1, பெரும்பாலும் வெளியூர் நெடுஞ்சாலையில் ஓடிய டேங்கில் 19.8. கார் அதேதான். காலும் அதேதான்!

ஏன் இந்த வேறுபாடு? வகுப்பில் படிக்கும் இயக்க ஆற்றல் கணக்கைச் சாலைக்குக் கொண்டுவந்தால் போதும். ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள சிறிய கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,06,000 ஜூல். சிக்னலில் பிரேக்கை மிதித்து நிறுத்தினால், அத்தனையும் பிரேக்கில் உஷ்ணமாகிக் காற்றோடு போய்விடுகிறது. அது எவ்வளவு என்று எப்படிப் புரிந்துகொள்வது? அதே கார் சமதளத்தில் அதே வேகத்தில் சீராகப் போகும்போது, டயரின் உருளும் உராய்வும் எதிர்க்காற்றும் சேர்ந்து ஏறத்தாழ 200 நியூட்டன் விசையால் அதைப் பின்னுக்கு இழுக்கின்றன. 1,06,000-ஐ 200-ஆல் வகுத்தால் 530 மீட்டர். அதாவது, ஒரு முறை காரை நிறுத்தி எடுப்பது அரை கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதற்குச் சமம்! புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஜங்ஷனுக்குள் எத்தனை முறை நிற்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்றாலே செலவு ஒன்றரை மடங்காகிவிடுகிறது. வேகத்தடைகளும் இதே கதைதான். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் பாதி ஆற்றல்தானே போகும் என்று நினைக்கத் தோன்றும். வேகத்தின் இருமடியல்லவா கணக்கு! முக்கால் பங்கு போய்விடுகிறது.

ஓட்டுநரின் கால் இதில் ஒன்றுமே செய்ய முடியாதா என்றால், முடியும். முன்னால் சிவப்பு விழுந்திருப்பதைப் பார்த்ததும் காலை எடுத்துவிட்டு, கியரை விடாமல், வண்டியை அதன் போக்கில் தளரவிட்டால், அந்த நேரத்தில் இன்றைய கார்களில் பெட்ரோல் தெளிப்பதே நின்றுவிடும். சித்தப்பா இதை லாரிக் காலத்திலிருந்தே செய்கிறவர். ஆனால் குறுக்கே பாயும் இருசக்கர வாகனமும் திடீரென்று நிற்கும் ஷேர் ஆட்டோவும் அவர் காலைக் கேட்டுக்கொண்டா வருகின்றன?

அடுத்தது நின்றுகொண்டே குடிப்பது. மருத்துவமனை வாசலில் நோயாளிக்காகக் காத்திருக்கும்போது, உள்ளே வயதானவர்கள் இருந்தால் ஏசியை அணைக்க முடியாது. நின்ற இடத்தில் ஏசியோடு ஓடும் சிறிய இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வரை குடித்துவிடும். ஓடிய தூரமோ சுழி. நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் என்று நோட்டில் இருக்கிறது. மாதத்துக்குப் பதினைந்து, இருபது லிட்டர் இப்படியே போகிறது. குறுஞ்சவாரியின் கதை இன்னொன்று. இன்ஜின் தன் வேலை வெப்பநிலையான 90 டிகிரி அளவை எட்டும்வரை எண்ணெய் கெட்டியாக இருக்கும். பெட்ரோலும் சற்றுக் கூடுதலாகவே தெளிக்கப்படும். மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி மூன்று கிலோமீட்டர் போகிற வண்டி நாள் முழுதும் இந்தத் தண்டத்தைக் கட்டிக்கொண்டே இருக்கிறது.

ஏற்காடு தனிக் கணக்கு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஏறும் உயரம் ஏறத்தாழ 1,200 மீட்டர். 1,100 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க 1 கோடியே 29 லட்சம் ஜூல் வேண்டும். அதே 30 கிலோமீட்டரைச் சமதளத்தில் கடக்க 60 லட்சம் ஜூல்தான். ஆக, மலை ஏறுவது சமதளத்தைப் போல் மூன்று மடங்கு வேலை. பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கே சக்கரத்துக்கு வந்து சேருகிறது. மற்றது புகையாகவும் உஷ்ணமாகவும் போகிறது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியோடு யாரும் வழக்காட முடியாது. அந்தக் கால் பங்கை வைத்துக் கணக்கிட்டால் ஏறும்போது லிட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு மேல் வராது. "ஏறும்போது போனது இறங்கும்போது வந்துவிடும்" என்பார்கள். இறங்கும்போது மிச்சமாவது உண்மைதான். முழுதும் திரும்பி வராது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் சூடாகிறதே, அந்தச் சூடு ஏறும்போது நாம் காசு கொடுத்து வாங்கிய ஆற்றல். சித்தப்பா ஏற்காட்டுச் சவாரிக்கு வாடகை நிர்ணயித்தபோது, போய்வர 60 கிலோமீட்டர், 24 வீதம் இரண்டரை லிட்டர் என்று விளம்பரத் தாளை நம்பிக் கணக்கிட்டிருந்தார். நோட்டில் நான்கு லிட்டர். ஒவ்வொரு சவாரியிலும் ஒன்றரை லிட்டரைச் சுற்றுலாப் பயணிகளுக்கு இனாமாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்!

எத்தனாலைப் பற்றிச் சொல்லாவிட்டால் நண்பர்கள் விடமாட்டார்கள். தேநீர்க் கடையில் மைலேஜ் பேச்செடுத்தாலே, "எல்லாம் அந்தக் கலப்பட பெட்ரோலால் வந்தது" என்று முடித்துவிடுகிறார்கள். நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 320 லட்சம் ஜூல் ஆற்றல் உண்டு. எத்தனாலில் 210 லட்சம் ஜூல்தான். எண்பதுக்கு இருபது என்று கலந்தால் 298 லட்சம். ஆக ஏழு விழுக்காடு குறைவு. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையும், பத்து விழுக்காட்டுக் கலப்புக்காகச் சரிசெய்யப்பட்ட பழைய நான்கு சக்கர வண்டிகளில் ஆறு, ஏழு விழுக்காடு குறையலாம் என்றுதான் சொன்னது. இருபதுக்கென்றே சரிசெய்த வண்டிகளில் இன்னும் குறைவான இழப்பே என்றது. 24-இல் ஏழு விழுக்காடு என்றால் 1.7. சித்தப்பாவுக்குக் காணாமல் போனதோ ஒன்பது. எத்தனாலுக்கு அதன் பங்குப் பழியைக் கொடுப்போம். முழுப் பழியையும் சுமத்துவது விஞ்ஞானம் படிப்பவர்க்கு அழகன்று. அதே வேளையில், ஆற்றல் குறைந்த லிட்டருக்கு விலை மட்டும் ஏன் குறையவில்லை என்று கேட்பதில் தவறு ஒன்றுமில்லை.

டயர்க் காற்று, புதிய இன்ஜினின் இறுக்கம், இறுகிப்போன பிரேக் ஆகியவற்றையும் பார்த்துவிட்டோம். காற்று சரியாக இருந்தது. ஓட்டி நிறுத்திய பின் நான்கு சக்கரங்களும் ஒரே அளவுதான் சுட்டன. ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டிருந்தால் பணிமனைக்காரரிடம் சண்டை போட்டிருக்கலாம். புதிய இன்ஜின் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் சற்று இளகும். அதில் கிடைப்பது சொற்பம்.

எனவே வண்டியில் கோளாறு இல்லை என்று பணிமனைக்காரர் சொன்னது உண்மை. உங்கள் கால்தான் கனம் என்று சொன்னது உண்மையன்று. வண்டியிலும் இல்லை, காலிலும் இல்லை என்றால் வேறு எங்கே? சாலையில், வெயிலில், மலையில், காத்திருப்பில். 'லிட்டருக்கு இத்தனை' என்பது எடையைப் போலவோ நீளத்தைப் போலவோ காருக்கே சொந்தமான குணமன்று. காரும் சாலையும் சவாரியும் எரிபொருளும் சேர்ந்து பெறுகிற எண் அது. விற்கும்போது எண் காருக்குச் சொந்தம். குறையும்போது மட்டும் ஓட்டுநருக்குச் சொந்தமா?

விற்பவர் இதைச் சொல்லி விற்றால் என்ன குறைந்துவிடும்? நெரிசலான நகரத்தில் ஏசியோடு இத்தனை, நெடுஞ்சாலையில் ஏசியோடு இத்தனை, சோதனைக் கூடத்தில் இத்தனை என்று மூன்று எண்களை ஒரே அளவு எழுத்தில் அச்சிடச் சட்டம் வேண்டும். எந்தக் கலப்புப் பெட்ரோலில் எடுத்த அளவு என்பதும் அதன் அருகில் இருக்க வேண்டும். சித்தப்பா கையில் இருந்த தாளில் அது இல்லை. சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்கும் வசதியானவருக்கு 24-க்கும் 15-க்கும் உள்ள இடைவெளி ஒரு மனக்குறை மட்டுமே. வாடகைக்கு ஓட்டுகிறவருக்கோ அது பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். "அவ்வளவு கணக்குப் பார்ப்பவர் ஏன் கார் வாங்க வேண்டும்?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். கணக்குப் பார்க்கத்தான் வாங்கினார். கணக்கில் போட்ட எண்தான் பாதியாக இருந்தது.

நம் ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ஆண்டுதோறும் அதே ஊசலை அதே நூலில் ஆட்டி, முன்னவர் ஏட்டில் இருக்கும் விடைக்கு அருகில் வந்ததும் நிறுத்திவிடுகிறோம். கல்லூரி வளாகத்து வேப்பமரத்தடியில் நாள்தோறும் ஏழெட்டுக் கார்கள் நிற்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் மனம்வைத்து, அடுத்த பருவம் முழுவதும் பெட்ரோல் போடும்போதெல்லாம் தேதி, லிட்டர், ஓடிய தூரம், ஊருக்குள்ளா வெளியிலா, ஏசி உண்டா இல்லையா என்று ஐந்து கட்டங்களை நிரப்பித் தந்தால், அதைத் தொகுத்துப் பிழையோடு கணக்கிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பொறுப்பை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்ளும். கட்டம் போட்ட நோட்டுகள் பத்து வாங்கி வைத்திருக்கிறேன். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கேட்டால் கிடைக்கும்.